ஐந்து கால் சில்வண்டு

ரிசப்ஷனில் இருந்த பெண், அபயாம்பாள் நீட்டிய கையைப் பார்த்துச் சிரித்தாள். “ஸ்டிக்கர் இனிமே வேண்டாம். இந்த மாசத்துலேருந்து ரூல் மாறிடுச்சு” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நாலு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அபயாம்பாள் அந்த இடத்தில் அப்படிக் கை நீட்டி வந்திருக்கிறாள். எட்ஜ்வாட்டரில், ஹட்ஸன் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ஜப்பானியக் குளியல் விடுதி அது. வெந்நீர்த் தொட்டிகள் பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. தொட்டிக்குள் துணி கூடாது. டாட்டூவும் கூடாது. ஜப்பானில் உடம்பில் பச்சை குத்தியவன் என்றாலே ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவன் என்று பயந்த காலத்து விதி, கடல் கடந்து நியூ ஜெர்சிக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன டாட்டூ என்றால் மட்டும் ரிசப்ஷனில் தோல் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் கொடுப்பார்கள். ஒட்டி மறைத்துக்கொண்டு உள்ளே போகலாம்.

டாட்டூ அபயாம்பாளுடையது அல்ல. பின்னால் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சிசுருவுடையது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, அவளுடைய சொந்தக் கை எட்டாத இடத்தில், கறுப்பு மையில் ஒரு சில்வண்டு.

அவர்கள் இருவரும் ஜெர்சி சிட்டியில், நியூபோர்ட்டில், அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கிறார்கள். மன்ஹாட்டனுக்குப் போகும் ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் ஏறிப் பழக்கமானவர்கள். அபயாம்பாளுக்கு ஒரு பாங்கில் கான்ட்ராக்ட் வேலை, சாஃப்ட்வேர் டெஸ்டிங். சிசுரு ஜப்பானியக் கம்பெனிகளின் பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறவள். வயது நாற்பத்தெட்டு, அபயாம்பாளைவிட ஒன்று கூட. கணவனைக் கம்பெனி ஜப்பானிலிருந்து இங்கே அனுப்பியபோது கூட வந்தாள். கம்பெனி அவனைத் திருப்பிக் கூப்பிட்டபோது அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அபயாம்பாள் கேட்டதில்லை. அந்தச் சில்வண்டைப் பற்றியும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் தான் இந்த நட்புக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தமிழ்க்காரர்கள் யாராக இருந்தாலும் இந்நேரம் குடைந்து எடுத்திருப்பார்களே, நான் அப்படியா என்கிற பெருமை.

முதல் தடவை இங்கே வந்தபோது அவள் உடை மாற்றும் அறையிலேயே பத்து நிமிஷம் நின்றுவிட்டாள். மாயவரத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பாலசுப்ரமணியன்கூட வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்திராத உடம்பு. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில் சிசுரு தன் முதுகைக் காட்டி நின்றாள். தோளுக்கு மேலாகக் கையை வளைத்து ஸ்டிக்கரை நீட்டி, “அபயா-சான், ப்ளீஸ்” என்றாள். சான் என்பது ஜப்பானியர்கள் பெயரோடு மரியாதைக்குச் சேர்ப்பது. அபயாம்பாளின் வெட்கம் அந்த வேலையில் கரைந்துபோனது.

அதற்கு ஒரு பக்குவம் உண்டு. முதுகை ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். பின்தாளைப் பாதி மட்டும் உரித்து, நடுவில் வைத்து அழுத்தி, அங்கிருந்து ஓரங்களுக்குக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு குமிழி நின்றால் போதும், வெந்நீர் புகுந்து மூலை கிளம்பிவிடும். குளித்து வந்ததும் ஓரங்களில் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்து, ஊறவிட்டு, மெல்ல உரிக்க வேண்டும். தேங்காயெண்ணெய் அபயாம்பாளின் கண்டுபிடிப்பு. ஒரு குட்டி டப்பாவில் பையிலேயே வைத்திருப்பாள். இப்படி வாரத்துக்கு இரண்டு முறை, ஒட்டும்போதும் உரிக்கும்போதும், அந்தச் சில்வண்டு அவள் கண்ணுக்கு நேராக இருக்கும். அதற்கு ஒரு பக்கம் மூன்று கால், மறு பக்கம் இரண்டு கால். இது சிசுருவுக்கே தெரியுமோ என்னவோ. உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள் எவை என்று யாராவது கேட்டால், அபயாம்பாள் அதைத்தான் முதலில் சொல்வாள்.

ஸ்டிக்கர் இல்லாத அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சிசுரு கண்ணாடிக்கு முன்னால் நின்று, கழுத்தை முறுக்கி, தன் முதுகைப் பார்க்க முயன்றாள். “இருபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவை, மூடாம தண்ணிக்குள்ள போகப் போறேன்” என்றாள். அவர்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். சிசுருவின் ஆங்கிலம் மெதுவாக, அளந்து வரும்.

“ரொம்ப சந்தோஷம் சிசுரு” என்றாள் அபயாம்பாள்.

சந்தோஷப்பட்டிருக்கத்தான் வேண்டும். மூன்று மாதச் சோதனை, ஜூன் கடைசி வரை, அதன் பிறகு முடிவு செய்வோம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜப்பானிலேயே பல இடங்களில் விதியைத் தளர்த்திவிட்டார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், சின்னப் பிள்ளைகள் அழகுக்குக் குத்திக்கொள்கிறார்கள், காலம் மாறுகிறது என்று சிசுரு தொட்டிக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அபயாம்பாள் தலையாட்டினாள். ஆனால் தொட்டியில் இறங்கியதும் அவள் பார்த்தது தண்ணீரை அல்ல; மற்றவர்களின் கண்களை. இரண்டு வயதான ஜப்பானியப் பெண்கள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது அவளுக்கு வலிக்கவில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை பூக்கொடி குத்திய ஓர் இளம்பெண், எதிர்ப்பக்கத்திலிருந்து சிசுருவைப் பார்த்து லேசாகத் தலை அசைத்தாள். சிசுருவும் அசைத்தாள். அதுதான் வலித்தது. என்ன இது, நான் என்ன பைத்தியமா என்று கேட்டுக்கொண்டு மூக்கு வரை வெந்நீரில் அமிழ்ந்தாள்.

மே மாதம் மகள் விஷாகா காலேஜிலிருந்து லீவுக்கு வந்தாள். இருபது வயது. இரண்டு வருஷமாக ஜப்பானிய மொழி படிக்கிறாள். ஏதோ கார்ட்டூன் பார்த்துப் பிடித்த பைத்தியம் என்று பாலசுப்ரமணியன் சொல்வார்.

“நானும் வரேம்மா சண்டே. சிசுரு ஆன்ட்டிகூட ப்ராக்டிஸ் பண்ணணும்” என்றாள்.

“அங்க எல்லாரும் ஒண்ணும் போட்டுக்காமதான் குளிப்பாங்க, தெரியுமில்ல?” என்றாள் அபயாம்பாள்.

“ஐ நோ, மா. நீ போறப்ப நான் போக மாட்டேனா?”

சோஃபாவில் இருந்த பாலசுப்ரமணியன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், “அம்மாவும் பொண்ணும் சேர்ந்து போய் டாட்டூ குத்திட்டு வந்துடாதீங்க. டெக்ஸாஸ்ல, பேர்லேண்ட்ல இருக்கற எங்கண்ணாவுக்குத் தெரிஞ்சா அங்க மீனாட்சி கோயில்ல பரிகாரம் பண்ணச் சொல்வார்” என்றார்.

தொட்டியில் இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. விஷாகா சிசுருவின் பின்னால் நீந்துவது போல வந்து, முதுகைப் பார்த்து, ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பி, “மா, ஹே, இதுக்கு அஞ்சு கால்தான் இருக்கு” என்றாள்.

சிசுரு வாய்விட்டுச் சிரித்தாள். அபயாம்பாள் அந்தச் சிரிப்பை அதுவரை கேட்டதில்லை. பிறகு சிசுரு பேச ஆரம்பித்தாள். ஜப்பானிய மொழியில், வேகமாக, கைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஆட்டி, நடுநடுவே சிரித்து, ஓரிடத்தில் குரல் இறங்கி, மறுபடி எழுந்து, இருபது நிமிஷம் பேசினாள். விஷாகா கண் கொட்டாமல் கேட்டாள். அபயாம்பாள் இருவருக்கும் ஓர் எட்டு தள்ளி உட்கார்ந்து ஆற்றில் போகும் ஒரு படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது காரில், “சிசுரு என்ன சொன்னா?” என்று மகளைக் கேட்டிருக்கலாம். நாக்கு வரை வந்தது. நாலு வருஷம் கேட்காமல் காத்த கௌரவம், அதை மகள் கையிலிருந்து இரவலாக வாங்க இடம் கொடுக்கவில்லை.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விஷாகா புதன்கிழமைகளில் சிசுருவின் வீட்டுக்குப் பேசிப் பழகப் போனாள். ஃபோனில் இருவரும் படம் அனுப்பிக்கொண்டார்கள். சாப்பாட்டு மேஜையில் விஷாகா தனக்குத்தானே சிரித்தால் அபயாம்பாளுக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் விஷாகா சொன்னாள்: “மா, சிசுரு ஆன்ட்டி இப்ப என்னை விஷாகான்னு மட்டும்தான் கூப்பிடறாங்க. நோ சான். க்ளோஸ் ஆனவங்களுக்கு அப்படித்தான்.” சொன்னவள் அதை ஒரு மார்க்கு வாங்கியதுபோலத்தான் சொன்னாள். அபயாம்பாள் தோசையைத் திருப்பிப் போட்டாள். நான் மட்டும் நாலு வருஷமாக அபயா-சான்தான்.

பொறாமை அவளுக்குப் புதிதல்ல. நாத்தனாரின் நகையைப் பார்த்து, கூட வேலை செய்தவளுக்கு முதலில் கிரீன் கார்ட் வந்ததைப் பார்த்து, எல்லோரையும்போல அவளும் பொறாமைப்பட்டிருக்கிறாள். அதையெல்லாம் யாரிடமாவது சொல்லிப் புலம்பலாம். கேட்கிறவர்களும் ஆமாம் ஆமாம் என்பார்கள். இதை யாரிடம் சொல்வது? பெற்ற பெண்ணின் மேல் பொறாமை. காதலனுக்காக அல்ல, பணத்துக்காக அல்ல, ஒரு முதுகுக்காக. சொல்லிப் பார்த்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அது அங்கேயேதான் இருந்தது. பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் எத்தனை பேர் வீட்டில் சாப்பிட்டிருப்பாள், எத்தனை பேருக்குப் பொடி அரைத்துக் கொடுத்திருப்பாள். பேசாமல் பக்கத்தில் உட்கார ஒருத்தி என்று சிசுரு மட்டும்தான் கிடைத்தாள். அந்தப் பேசாமையைத்தான் அவள் சேர்த்து வைத்திருந்தாள். மகள் பேசியே அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஜூன் முதல் ஞாயிறு. தொட்டியில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, அபயாம்பாள் தலை சுற்றுகிறது என்று சொல்லி வெளியே வந்தாள். உடை மாற்றிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு சின்ன மேஜை, பென்சில்கள், வெள்ளை அட்டைகள், ஒரு மரப்பெட்டி. புதிய விதியைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம் என்று ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. ஓர் அட்டையை எடுத்தாள். எழுதப் போவது என்ன என்று தெரியாமல் எடுத்தவள்போலத்தான் எடுத்தாள். ஆனால் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்:

‘உங்கள் பண்பாட்டை மதித்துத்தான் நாங்கள் இங்கே வருகிறோம். பழைய விதியே நல்லது. மூடாத டாட்டூக்களைப் பார்ப்பது மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது. தயவுசெய்து மறைக்கச் சொல்லுங்கள். நாலு வருட வாடிக்கையாளர்.’

பெட்டியில் போட்டாள். அட்டை உள்ளே விழும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வெளியே வந்த சிசுரு அவளுக்கு ஒரு குவளை பார்லி டீ எடுத்து வந்து, “இப்ப பரவாயில்லையா?” என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு விஷாகாவுக்குத் தூரம், வரவில்லை. பழையபடி இருவரும் மட்டும். காரில் போகும்போதே அபயாம்பாளுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை உண்டு. அதில் நிறைய அட்டைகள் குத்தியிருக்கும், எல்லாம் ஜப்பானிய எழுத்து. நாலு வருஷமாக அபயாம்பாள் அதை விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறாள். சிசுரு அன்று அதற்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“இந்த வாரம் நிறைய வந்திருக்கு. படிக்கட்டுமா உங்களுக்கு?”

“என்னது இது?”

“வர்றவங்க பெட்டியில போடற அட்டைங்க. மேனேஜர் ஒவ்வொண்ணுக்கும் கீழ பதில் எழுதி எல்லாரும் பார்க்கற மாதிரி வைப்பார். எங்க ஊர்ல சூப்பர் மார்க்கெட்ல எல்லாம் இப்படித்தான். இதைப் படிக்கத்தான் பாதிப் பேர் வர்றாங்க.” சிசுரு விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். “துண்டு ரொம்ப மெலிசு. பதில், அடுத்த மாசம் மாத்தறோம். இது... ஒரு அம்மா தொட்டியில பாடறாங்க, குரல் சுமார். பதில், அவங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்றோம்.” சிரித்தாள். “பாவம், அந்த அம்மாவும் இதைப் படிச்சிருப்பாங்க.”

அபயாம்பாள் சிரிக்கவில்லை. பலகை முழுவதும் ஜப்பானிய எழுத்து. வலது ஓரத்தில் ஒன்றே ஒன்று ஆங்கிலம். மற்றவற்றைவிடப் பெரிசாக, தெளிவாக, அவளுடைய கையெழுத்து. நாலு வருஷமாக அவள் சிசுருவுக்குக் கொடுத்த பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி டப்பாக்களின் மேலெல்லாம் தேதியோடு எழுதி ஒட்டிய அதே சாய்வான கையெழுத்து. கீழே மேனேஜரின் பதில், இரண்டு மொழியிலும்: தங்களுக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கு மிகவும் வருந்துகிறோம். சோதனைக் காலம் முடியும் வரை, டாட்டூ உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவர்களை நினைத்துத் தாங்களாகவே மறைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சிசுருவின் விரல் அந்த அட்டைக்கு வந்தது. தொடவில்லை. முழுசாகப் படித்தாள். இன்னொரு தடவை படித்ததுபோலவும் இருந்தது.

“இது இங்கிலீஷ்லயே இருக்கு. உங்களுக்கு நான் படிக்க வேண்டாம்” என்றாள்.

ரிசப்ஷனுக்குப் போய் அவளே ஒரு ஸ்டிக்கர் வாங்கினாள். உடை மாற்றும் அறையில் அபயாம்பாள் துண்டை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். பழக்கத்தில் கை நீண்டுவிட்டது. சிசுரு அந்தக் கையைப் பார்க்காததுபோலத் தாண்டி, கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போனாள். குனிந்து, மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஏதோ சொல்லி, முதுகைக் காட்டினாள். அந்தப் பெண் ஈரத்தைத் துடைக்கவில்லை. தாளை முழுசாக உரித்து, பொத்தென்று ஒட்டினாள். கோணல். நடுவில் ஒரு பெரிய குமிழி. சில்வண்டின் ஒரு கால் வெளியே தெரிந்தது.

அபயாம்பாள் அன்று ஒரு மணி நேரம் அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டு வெந்நீரில் உட்கார்ந்திருந்தாள். நினைத்தது நடந்துவிட்டது. யாரும் இப்போது பார்க்க முடியாது. ஒட்டிய விரல்கள்தான் வேறு யாருடையவோ.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிசுரு இருக்கையில் முதுகை லேசாகத் தேய்த்துக்கொண்டாள். எண்ணெய் தடவாமல் பிய்த்து எடுத்தது, எரிந்திருக்கும். ஒரு சிக்னலில் கார் நின்றபோது சிசுரு கேட்டாள்:

“அபயா-சான், நாலு வருஷமா உங்களுக்குச் சங்கடமா இருந்துதா?”

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். எங்கள் வீடுகளில் பச்சை குத்தியவர்களைக் கொஞ்சம் மட்டமாகத்தான் பார்ப்பார்கள், அப்படி வளர்ந்துவிட்டேன், மன்னித்துவிடு என்று சொன்னால் சிசுரு நம்புவாள். அவளுக்கு அது தெரிந்த கதை. மன்னித்தும் விடுவாள். ஞாயிற்றுக்கிழமைகள் தொடரும். ஒருவேளை ஸ்டிக்கரும் இவள் கைக்கே திரும்பி வரும். உண்மையைச் சொன்னால், நாற்பத்தேழு வயதுப் பெண்மணி ஒருத்தி எட்டு வயதுக் குழந்தையைப்போல நடுத்தெருவில் நிற்க வேண்டும்.

சிக்னல் மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“இல்ல” என்றாள். “எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருந்துது. இப்ப எல்லாரும் பார்க்கறாங்க. விஷாகா பார்த்தா. அவகிட்ட என்னவோ சொன்னீங்க. என்கிட்ட சொன்னதில்ல. அதனாலதான் எழுதினேன்.”

சிசுரு ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினாள். “கல்யாணம் ஆனதும் என் மாமியார் பார்த்துட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அக்கம்பக்கத்துல பார்த்தா நல்லா இருக்காதுன்னாங்க. அப்புறம் குடும்பத்தோட வெந்நீர் ஊற்றுக்குப் போறப்பல்லாம் இவளுக்குத் தலைவலின்னு அவங்களே சொல்லிடுவாங்க. என் புருஷன், எனக்கு ஒண்ணும் இல்ல, ஆபீஸ் பிக்னிக்ல மட்டும் நீச்சலுக்கு இறங்காதேன்னார். எல்லாரும் நல்லவங்க. யாருக்குமே ஒண்ணும் இல்ல. நீங்க, பிடிச்சிருக்குன்னு மூடச் சொல்றீங்க. என் முதுகுக்கு வித்தியாசம் தெரியல அபயா-சான். எந்தக் காரணத்துக்கு ஒட்டினாலும் அரிப்பு ஒண்ணுதான்.”

நியூபோர்ட்டில் சிசுருவின் கட்டடத்துக்கு முன்னால் அபயாம்பாள் காரை நிறுத்தினாள். “அதை யார் குத்தினா?” என்று கேட்டாள். அந்தச் சில்வண்டைப் பற்றி நாலு வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டாள்.

“இன்னிக்கு எனக்குச் சொல்ற மனசு இல்ல” என்றாள் சிசுரு, கதவைத் திறந்தபடி. “விஷாகாவுக்குத் தெரியும். அவளைக் கேளுங்க.”

வீட்டில் விஷாகா தயிர்சாதத்தையும் ஒரு பொட்டலம் சிப்ஸையும் வைத்துக்கொண்டு லேப்டாப்பில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பாலசுப்ரமணியன் கடைக்குப் போயிருந்தார். அபயாம்பாள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

“விஷா, சிசுருவோட அந்தச் சில்வண்டு. என்ன கதை அது?”

“யூ டோன்ட் நோ?” விஷாகா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். “நாலு வருஷமா நீதானேம்மா அதை ஒட்டிட்டு இருந்த?”

“தெரியாது. சொல்லு.”

விஷாகா தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னாள். ஒசாகாவில் ஒரு ஹாஸ்டல். சிசுருவின் அறைத் தோழி ஃபுமி, நர்ஸிங் படிப்பை விட்டுவிட்டுத் திருட்டுத்தனமாக டாட்டூ கற்றுக்கொண்டிருந்தாள். முள்ளங்கியில் குத்திப் பார்த்தாள், தன் தொடையிலேயே குத்திப் பார்த்தாள். இன்னொருவர் தோல் வேண்டியிருந்தது. யாரும் கொடுக்கவில்லை. சிசுரு சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தாள். ஐந்து கால் முடிந்தபோது இருவருக்கும் பசி; நூடுல்ஸ் சாப்பிடப் போய், திரும்பி வந்து தூங்கிவிட்டார்கள். மறுநாள் ஊரிலிருந்து ஃபோன். பெண் பார்க்க வருகிறார்கள், உடனே கிளம்பி வா. ஆறாவது கால் அப்படியே நின்றுவிட்டது.

“ஃபுமி அப்புறம் ஷாப் வெச்சாங்களாம். டாட்டூ குத்த டாக்டர் லைசென்ஸ் வேணும்னு போலீஸ் பிரச்சினை பண்ணி, மூடிட்டாங்க. சில வருஷம் முன்னாடி அங்க சுப்ரீம் கோர்ட் அதெல்லாம் வேண்டாம்னு சொல்லிடுச்சு. இப்ப மறுபடி திறந்திருக்காங்க. சிசுரு ஆன்ட்டி அடுத்த வருஷம் போய் அந்தக் காலைப் போட்டுட்டு வரப் போறாங்க.”

பொறாமைப்பட இப்போது ஒசாகாவிலும் ஒருத்தி. அபயாம்பாள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இதை யாருமே கேட்டதில்லையாம்மா” என்றாள் விஷாகா. “எல்லாரும் மறைக்கறதுக்கு ஹெல்ப் பண்ணாங்களாம். யாரும் என்னன்னு கேக்கலையாம். ஷி வாஸ் ஸோ ஹாப்பி தட் ஐ ஆஸ்க்டு.”

அபயாம்பாள் அட்டையைப் பற்றிச் சொன்னாள். எழுதியது, பலகை, ஸ்டிக்கர், எல்லாவற்றையும். விஷாகாவின் கையில் சிப்ஸ் பாதி வழியில் நின்றது.

“வெயிட். ஆர் யூ ஜெலஸ்? என் மேலயா?”

“ஆமா.”

“சீரியஸ்லி?”

“ஆமாடி.”

விஷாகா சிரிக்கப் போனாள், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “ஓகே” என்றாள். சிப்ஸ் பொட்டலத்தை அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

வாரம் முழுவதும் ரயிலில் சிசுரு வேறு பெட்டியில் ஏறினாள். சனிக்கிழமை அபயாம்பாள் மகளிடம், “நாளைக்கு நீயும் வா. நீயே ஓட்டு” என்றாள். ஞாயிறு எட்டரைக்கு சிசுருவின் கட்டடத்துக்கு முன்னால் காரை நிறுத்தச் சொன்னாள். தான் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எட்டு முப்பத்தேழுக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. சிசுரு துணிப்பையோடு வந்தாள். காரைப் பார்த்தாள், ஓட்டுகிறவளைப் பார்த்தாள், பின்னால் இருப்பவளைப் பார்த்தாள். முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் முன்னால் ஜப்பானியப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அபயாம்பாளுக்கு எதுவும் புரியவில்லை. நடுவில் ஒரு பெயர் மட்டும் புரிந்தது: ஃபுமி. சிசுரு சிரித்தாள், அதே வாய்விட்ட சிரிப்பு. பின் இருக்கையில் இருந்து பார்த்தால் அவள் கழுத்தின் பின்பக்கம்தான் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் சட்டை.

அபயாம்பாளுக்கு அந்தப் பொறாமை போன வாரத்தைவிட ஒரு பங்கும் குறையவில்லை.

“என்ன பேசிக்கறீங்க?” என்றாள்.

“சும்மாம்மா, ஒண்ணும் இல்ல” என்றாள் விஷாகா, கண்ணாடி வழியாக.

அபயாம்பாள் பெல்ட்டை இழுத்துத் தளர்த்திக்கொண்டு, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டினாள். இந்த முறை சிசுருவைப் பார்த்துக் கேட்டாள். “ஃபுமின்னு காதுல விழுந்துது. யாரு அவங்க?”

விஷாகா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

சிசுரு திரும்பி அவளைப் பார்த்தாள். தெரிந்தேதான் கேட்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏதோ சொல்லி ஒதுக்கிவிடுவாள் என்றுதான் அபயாம்பாள் நினைத்தாள். கார் ஆற்றோரச் சாலையில் திரும்பியது.

“ஒசாகாவுல” என்றாள் சிசுரு, மெதுவாக, ஆங்கிலத்தில், “என் ரூம்ல ஒரு பொண்ணு இருந்தா.”

“ம்” என்றாள் அபயாம்பாள். “எப்படி இருப்பா?”